கையால் திறக்கும் இரண்டு திருகாணிகள்

முதலில் அதன் முதுகைத்தான் பார்த்தேன். செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் கடையில், கண்ணாடி மேசைமேல் வெள்ளையாக நின்ற அந்த இயந்திரத்துக்கு எதிரே என் மனைவி நின்றாள். விற்பனைக்காரர் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். பாதிக் காரணம் கூச்சம். முன்னால் நின்றால் அவர் என்னைப் பார்த்துப் பேசுவார், நான் பதில் சொல்ல வேண்டிவரும். மீதிக் காரணம் என் தொழில். எந்த இயந்திரமானாலும் அதை எப்படித் திறப்பது என்பதற்கான வழி பின்பக்கம்தான் இருக்கும்.

நான் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிறகு கல்பாக்கத்தில் ஒரு வைண்டிங் கடையில் வேலை கற்று, தொண்ணூறுகளின் நடுவில் சதுரங்கப்பட்டினத்தில் வீட்டையொட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டேன். தண்ணீர் மோட்டார், மிக்சி, இறால் பண்ணைகளில் காற்றடிக்கும் மோட்டார், ஐஸ் தொழிற்சாலையின் பெரிய மோட்டார் என்று எல்லாம் என்னிடம் வந்தன. இயந்திரங்களோடு எனக்குக் கூச்சம் கிடையாது.

என் மனைவி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் தேறியிருந்தாள். திருக்கழுக்குன்றம் தாலுகா ஆபீசுக்கு எதிரே, முத்திரைத்தாள் விற்கும் வெண்டரின் கொட்டகையில் இரண்டடி அகலத்தில் ஒரு மூலை அவளுடையது. பதினோரு வருடங்களாக அங்கே ஒரு பழைய டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு மனு அடித்தாள். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, எல்லைத் தகராறு, முதியோர் உதவித்தொகை எல்லாம். எங்கள் தெருவில் அவளுக்கு என் மனைவி என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. அந்த மூலையில் உட்கார்ந்தால் அவள் ‘டைப்பிஸ்ட் அம்மா’. தலைப்பாகை கட்டிய பெரிய மனிதர்கள்கூட அவள் கேட்கிற கேள்விக்குக் கைகட்டிப் பதில் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பின்னால் வந்த வருடங்களில் மனு அடிக்க வருகிறவர்கள் மாறினார்கள். ஒரு சர்வே எண் தப்பாகிவிட்டால் டைப்ரைட்டரில் பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் எண்ணை மட்டும் மாற்றி அடுத்த நிமிடமே தாளை நீட்டிவிடுவார். ஆட்கள் அங்கே போனார்கள். ஒரு மார்கழிக் காலையில் வெண்டர் அவளிடம் சொல்லிவிட்டார்.

“யம்மா, கோச்சிக்காத. கேளம்பாக்கத்துல இருந்து ஒருத்தரு கம்ப்யூட்டரோட வரேன்றாரு. உன் மூலையத்தான் கேக்கறாரு. பொங்கல் லீவு முடிஞ்சி ஆபீஸ் தொறக்கற திங்கக்கெழம நீ கம்ப்யூட்டரோட வந்து ஒக்காந்தா எடம் உன்னுது. இல்லன்னா நான் அவருக்குப் போன் பண்ணிடுவேன்.”

அந்த ஆளின் போன் நம்பரைக் கொட்டகையைத் தாங்கும் மரக்காலில் பென்சிலால் எழுதியும் வைத்துவிட்டார். அவள் உட்காரும் இடத்திலிருந்து நேராகப் பார்த்தால் அந்த நம்பர்தான் தெரியும். அதனால்தான் பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு நாங்கள் செங்கல்பட்டுக்கு வந்து அந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தோம்.

“இதான்மா ஆல் இன் ஒன்னு,” என்றார் விற்பனைக்காரர். “சிபியு, ஸ்பீக்கர், கேமரா எல்லாம் இந்த ஸ்கிரீனுக்குள்ளயே கீது. ஒரே ஒயரு. ப்ளக்க சொருவினா முடிஞ்சிச்சி.”

“தெனம் சாயங்காலம் வூட்டுக்கு எடுத்தாரணும். அங்க கதவு கெடையாது,” என்றாள் என் மனைவி.

“கொயந்தைய தூக்கற மாதிரி தூக்கிகினு போலாம்மா.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டடி மேசைக்கு அளவெடுத்துச் செய்தது போலத்தான் அது இருந்தது. நான் அதன் முதுகைத் தடவிப் பார்த்தேன். சோற்றுப்பானையின் வெளிப்புறம் மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரு திருகாணி கண்ணில் படவில்லை.

“இத எப்டித் தொறக்கறது?” என்று கேட்டேன்.

விற்பனைக்காரர் குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடி, இயந்திரத்துக்கு மேலே எட்டிப் பார்த்தார். “அண்ணாத்த பேசுவீங்களா! நான் நீங்க வேற யாரோன்னு நெனச்சிகினு இருந்தேன். இத இன்னாத்துக்குத் தொறக்கணும்?”

“ரிப்பேர் ஆச்சின்னா?”

“ஆவாது. ஆச்சின்னா மெட்ராசுக்கு அனுப்புவோம். கம்பெனிக்காரங்கதான் தொறப்பாங்க.”

“எத்தினி நாளாவும்?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “பதினஞ்சி நாளு, இருவது நாளு.”

கீழ்த்தட்டில் கறுப்பாக ஒரு பெட்டி இருந்தது. இரண்டு செங்கல்லை அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவுதான். அதுதான் சின்ன டெஸ்க்டாப், மானிட்டர் தனியாக வரும் என்றார். அதன் பின்பக்கத்தில், விரலால் பிடித்துத் திருக வசதியாக வரி போட்ட தலையோடு இரண்டு திருகாணிகள் இருந்தன. ஒன்றைத் திருகினேன், வந்தது. இன்னொன்றும் வந்தது. மூடியை நகர்த்தினேன். உள்ளே ஒரு சின்ன விசிறி, பச்சை நிறத்தில் ஒரு பலகை, அதில் பக்கத்துப் பக்கத்தில், பள்ளம் மாதிரி இரண்டு நீளக் காடிகள். ஒரு காடியில் சீப்பு மாதிரி ஒரு பட்டை செருகியிருந்தது. மற்றது காலி.

“ஐய, அண்ணாத்த! வாங்கறதுக்கு முன்னாடியே கழட்டறீங்களே!” என்று ஓடி வந்தார். அதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். அவள் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

“அந்த வெள்ளையே எடுக்கலாம். பாக்கவும் ஒரு இதுவா கீது. தூக்கறதும் சுளுவு.”

“அது வாணாம்மே.”

“ஏன்? தொறக்க முடியலன்னா? நம்ம வூட்ல நீ தொறக்காத பொருளு ஏதாவது கீதா? கல்யாணத்துக்கு எங்க மாமா குடுத்த கடியாரத்தத் தொறந்த. இன்னிக்கு வரிக்கும் அதுல பத்தே காலுதான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. ஆனாலும் சொன்னேன். நான் அவளிடம் ஒரே மூச்சில் பேசியதிலேயே அதுதான் நீளமானது என்று நினைக்கிறேன்.

“ஒன்னு கெட்டா ஒன்னுதான் கெடணும்மே. தெனம் பதினஞ்சி கிலோமீட்டரு மொபெட்ல போவப் போவுது, ஸ்பீட் பிரேக்கரு எத்தினி கீது தெரியுமா? அந்த வெள்ளையில கண்ணாடி போனா மொத்தமும் போச்சி. மெட்ராசுக்குப் போயி இருவது நாளு கெடக்கும். இருவது நாளு உன் மூல காலியா கெடந்தா, வெண்டரு அந்த மரக்கால்ல கீற நம்பரப் பாக்க மாட்டாரா? இந்தப் பெட்டி அப்டியில்ல. மானிட்டரு போனா பக்கத்துக் கடையில ஒன்னு வாங்கி மாட்டலாம். உள்ள எது போனாலும் நம்மளே தொறந்து பாக்கலாம்.”

அவள் டீயை ஒரே வாயில் குடித்தாள். “சரி, பெட்டியவே எடு. அது பாழாச்சின்னா அந்த டேபிள் மேல உன்னத்தான் ஒக்கார வெப்பேன்.”

அதற்குப் பிறகு ஒரு வாரம் வீடு டைப்ரைட்டர் வகுப்பு மாதிரி இருந்தது. அடுப்பு வேலை முடித்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். பழைய டைப்ரைட்டரின் விசை வரிசையே கம்ப்யூட்டரிலும் கிடைத்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றாம் நாளே பட்டா மனு ஒன்றை அடித்து, அதில் சர்வே எண்ணை வேண்டுமென்றே தப்பாகப் போட்டு, அழித்து, சரியாகப் போட்டுக் காட்டினாள். “பாத்தியா? பேப்பரே வீணாவல.” நான் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டினேன்.

காணும் பொங்கல் அன்று அவள் அக்கா வீட்டுக்குப் போனாள், மறுநாள் வருவதாகச் சொல்லி. மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகும் வேன்களும் லாரிகளும் சாலையை அடைத்துக்கொண்டு போயின. நான் வீட்டில் தனியாக இருந்தேன். பெட்டி மேசைமேல் இருந்தது.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடலோரத்தில் மோட்டாரைக் கொல்வது தண்ணீர் அல்ல, உப்புக் காற்று. செம்புக் கம்பியில் பச்சை பூத்து, ஒரு மழைக்காலத்துக்குள் காயில் பொடிந்துவிடும். அதனால் காயில் கட்டி முடித்ததும் வார்னிஷ் ஊற்றி வெயிலில் காயவைப்போம். நான் வார்னிஷ் போட்ட மோட்டார்கள் இறால் பண்ணையில், அலைச் சாரல் அடிக்கும் இடத்தில், ஏழெட்டு வருடம் ஓடியிருக்கின்றன. அந்த விஷயத்தில் எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியைத் திறந்து அந்தப் பச்சைப் பலகையைப் பார்த்தேன். மேலே ஈயப் புள்ளிகள் பளபளவென்று வெறுமனே இருந்தன. ஒரு பூச்சும் இல்லை. இதை எப்படி நம்பி எங்கள் கடற்கரைக்கு விற்கிறார்கள் என்று கோபமே வந்தது.

நல்ல மெல்லிய தூரிகையாக எடுத்தேன். வார்னிஷைத் தின்னர் கலந்து இளக்கினேன். பலகை முழுவதும் ஒரே சீராகப் பூசினேன். விசிறியின் தண்டில் ஒரு சொட்டுகூடப் படாமல் பார்த்துக்கொண்டேன். அது மோட்டார், அதில் படக்கூடாது என்று எனக்குத் தெரியும். மூலை முடுக்கெல்லாம் போனேன். பட்டை செருகியிருந்த காடியின் ஓரத்திலும் நன்றாகவே போனேன், உப்பு அங்கேதான் முதலில் தங்கும் என்று. பிறகு மெல்லிய துணி போர்த்தி, அன்று முழுவதும் பட்டறை வாசல் வெயிலில் வைத்தேன். அந்த வேலையைப் போலச் சுத்தமாக நான் அதற்கு முன் செய்ததில்லை.

மறுநாள் சனிக்கிழமை மதியம் அவள் வந்தாள். வந்ததும் கை கழுவிவிட்டுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. மானிட்டரில் படம் வரவில்லை. பெட்டி நீளமாக மூன்று முறை கத்தியது. நிறுத்தி மறுபடி போட்டாள். மறுபடி மூன்று முறை கத்தியது.

அவள் மூக்கை உறிஞ்சினாள். “இன்னா இது, பட்டற நாத்தம் அடிக்குது?”

நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

“இன்னா பண்ண?”

“வார்னிஷ் போட்டேன்.”

“எதுக்கு?”

“உப்புக் காத்துக்கு.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னாள்: “அந்த வெள்ளைய வாங்கியிருந்தா உன்னால தொறந்திருக்கவே முடியாது. அது இந்நேரம் ஓடிகினு இருக்கும்.”

நான் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன்.

செங்கல்பட்டுக் கடைக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. பண்டிகை விடுமுறை, திங்கட்கிழமைதான் திறப்பார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் அந்த மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, அந்த மரக்காலில் இருந்த போன் நம்பரை முழுதாகச் சொன்னாள். அவளுக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிறு காலை கல்பாக்கம் அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் குடியிருக்கும் ஒருவர் சைக்கிளில் வந்தார். எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்ப்பவர், தன் தண்ணீர் மோட்டாரை என்னிடம் கட்டக் கொடுத்திருந்தார். மோட்டாரைச் சைக்கிளில் கட்டிவிட்டு, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, மனைவியின் கம்ப்யூட்டரைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். பார்த்தார். மூடியைத் திறந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடினார்.

“கம்ப்யூட்டருக்கு காயில் வார்னிஷ் அடிச்ச மொத ஆளு நீங்கதான் அண்ணாத்த. ஆனா நெனப்பு தப்பில்ல. பலகைக்கு மேல இப்பிடி ஒரு பூச்சு போடற வழக்கம் உண்டு. போடறதுக்கு முன்னாடி இந்தக் காடி வாயெல்லாம் டேப்பு ஒட்டி மூடிடுவாங்க. நீங்க வாய்க்குள்ளயே ஊத்திட்டீங்க. மூணு தடவ கத்துதில்ல, மெமரி பட்டை கெடைக்கலன்னு சொல்லுது.”

“பலக போயிடிச்சா சார்?”

“போகலன்னு நெனக்கிறேன். உள்ள பல்லு பல்லா செம்பு இருக்கும். அதுமேல படிஞ்சத எடுத்துட்டா வந்துடலாம். ஆனா அந்தச் சந்துக்குள்ள எதை விட்டு எடுப்பீங்க?”

அவர் போனதும் நான் அந்தக் காடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். குறுகலாக, நீளமாக, இரண்டு பக்கமும் செம்போடு. மோட்டாரில் இருக்கும் இதே மாதிரிக் காடிகளில்தான் இருபது வருடமாகக் கம்பியைச் சொருகி, மேலே மூங்கில் சீவலை வைத்து அடைக்கிறேன். கம்பியில் கீறல் விழாமல் காடிக்குள் போய் வர மூங்கிலை விட்டால் வேறு பொருள் கிடையாது.

ஒரு மூங்கில் சீவலை எடுத்து, கண்ணாடித் துண்டால் தாள் கனத்துக்குச் சுரண்டினேன். அதன்மேல் காயில் கட்டும் பருத்தி நாடாவை ஒரே சுற்றாக இழுத்துக் கட்டினேன். தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும் என்று தெரியும், அதனால் மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கி வந்து நாடாவை நனைத்தேன். வெயிலில் ஒரு நாள்தான் காய்ந்திருந்தது, வார்னிஷ் இன்னும் முழுதாக இறுகவில்லை. மெல்ல விட்டு, மெல்ல இழுத்தேன். நாடா மஞ்சளாக வந்தது. புது நாடா, மறுபடி மஞ்சள். பட்டையின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன்.

என் மனைவி வாசற்படியில் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாடா மாற்றினேன் என்று எனக்குத் தெரியாது. நாடா வெள்ளையாகவே வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

“நான் போடறேன்,” என்று எழுந்து வந்து அவளே பொத்தானை அழுத்தினாள். மூன்று முறை கத்தியது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நான் பட்டையை வெளியே எடுத்தேன். பக்கத்தில் இன்னொரு காடி காலியாக இருக்கிறதே. அதன் வாயில் வார்னிஷ் அவ்வளவு இறங்கவில்லை. அதையும் அதே மூங்கிலால் ஆறேழு முறை துடைத்து, பட்டையை அதில் செருகி, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினேன். டக்கென்று பிடித்தது.

“போடு,” என்றேன்.

“நீயே போடு.”

போட்டேன். ஒரே ஒரு முறை, சின்னதாகக் கத்தியது. மானிட்டரில் எழுத்து வந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ‘மதிப்பிற்குரிய வட்டாட்சியர் அவர்களுக்கு’ என்று அடித்தாள். அடித்துவிட்டுத்தான் அழுதாள்.

திங்கட்கிழமை காலை பெட்டியைச் சாக்கில் சுற்றி மொபெட்டில் என் கால்களுக்கு நடுவே வைத்தேன். மானிட்டரைப் பழைய கம்பளியில் சுற்றி அவள் மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பதரைக்கெல்லாம் மூலையில் எல்லாம் மாட்டியாகிவிட்டது. பெட்டியோடு வாங்கிய பிரிண்டரைத் தன் பீரோவில் பூட்டி வைத்துக்கொள்வதாக வெண்டர் முன்பே ஒத்துக்கொண்டிருந்தார்.

முதலில் வந்தவர் கடப்பாக்கத்துப் பக்கம் வாக்கப்பட்டுப்போன ஒரு பெண்மணி. அப்பா இறந்துபோய் வாரிசுச் சான்றுக்கு மனு. பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் ஒரு தம்பியை விட்டுவிட்டார். அடித்து முடித்த பிறகு நெஞ்சில் கை வைத்து, “ஐயோ, சின்னவன வுட்டுட்டனே!” என்றார்.

“பரவால்ல, சொல்லுங்க,” என்று என் மனைவி சின்னவனை நடுவில் நுழைத்தாள். தாள் ஒன்றும் வீணாகவில்லை. வெண்டர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி சூடேறச் சூடேற வார்னிஷ் வாடை கொட்டகை முழுக்கப் பரவியது.

“இன்னாமா, ஏதோ கருவுதா?” என்றார் வெண்டர்.

“ஒன்னுமில்ல. எங்க வூட்டுக்காரரு வாசன,” என்றாள் அவள், விசைகளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெண்டர் சிரித்தார். பிறகு கட்டை விரலை நாக்கில் தொட்டு, மரக்காலில் இருந்த பென்சில் நம்பரைத் தேய்த்து அழித்தார். அவர் அழித்து முடிக்கும்வரை அவள் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மொபெட் பக்கம் வந்துவிட்டேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவள் பெட்டியைத் திருப்பி வைத்தாள். தன் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்து, அந்த இரண்டு திருகாணிகளின் தலைமேலும் ஒவ்வொரு சொட்டுச் சிவப்பு வைத்தாள். தலையிலிருந்து தகடுவரை ஒரே கோடாக. திருகினால் கோடு உடையும், யாரோ திறந்தது தெரிந்துவிடும். மோட்டார்க்காரர்கள் முத்திரை வைப்பது அப்படித்தான். என்னிடமிருந்துதான் அதைக் கற்றிருந்தாள்.

அந்தப் பெட்டி பல மழைக்காலங்களைப் பார்த்தது. பலகையில் ஒரு இடத்திலும் பச்சை பூக்கவில்லை. மாதம் ஒரு முறை தூசு தட்டத் திறக்க வேண்டும். அப்போது நான் அவளிடம் போய் நிற்பேன். அவள் வந்து உட்கார்ந்து, நகத்தால் சிவப்பை உடைத்து, இரண்டு திருகாணிகளையும் கையால் திருகி எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொள்வாள். நான் தூசு தட்டி முடித்து மூடும்வரை கையை மூடியே வைத்திருப்பாள்.